நாலு நகரம், ஆறு டிக்கெட்: வழியில் மாட்டிக்கொண்டால் செலவு யாருடையது?

கேள்வி: மியூனிக்கில் முதுகலை படிக்கிறேன். 2026 டிசம்பர் 20 அன்று பஸ்ஸில் ப்ராக், 23 அன்று ரயிலில் வியன்னா, 26 அன்று புடாபெஸ்ட், 29 காலை மலிவு விமானத்தில் பாரிஸ், ஜனவரி 2 அன்று ரயிலில் மறுபடி மியூனிக். இதுதான் என் விடுமுறைத் திட்டம். பாரிஸிலிருந்து ஸ்டுட்கார்ட் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து மியூனிக்குக்கு இன்னொரு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் 20 யூரோ மிச்சமாகிறது. நடுவில் 16 நிமிடம் இருக்கிறது. போன வருஷம் போன சீனியர்களோ ரயில் ரத்து, விமானம் ரத்து, ஸ்டேஷனில் ஒரு ராத்திரி என்று பயமுறுத்துகிறார்கள். என் ரெசிடென்ஸ் பெர்மிட் ஜனவரி 31 வரை செல்லும். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ரயில் பாஸ் எடுக்கலாமா?

பதில்: சீனியர்கள் சொல்வதில் பொய் இல்லை. 2023 டிசம்பர் 2 அன்று மியூனிக்கில் கொட்டிய பனியில் விமான நிலையத்தையே மூடினார்கள், ரயிலும் ஓடவில்லை. அதே மாதம் 30-ஆம் தேதி லண்டன் பக்கம் சுரங்கப்பாதையில் வெள்ளம் புகுந்து லண்டனுக்குப் போய்வரும் யூரோஸ்டார் ரயில்கள் முழுக்க ரத்தாயின. இதையெல்லாம் யாரும் தடுக்க முடியாது. ஆனால் அந்த இரவு ஹோட்டலுக்கும் மறுநாள் டிக்கெட்டுக்கும் பணம் யார் கொடுப்பது என்பது, பெரும்பாலும் நீங்கள் டிக்கெட் எடுத்த விதத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் உங்கள் 20 யூரோவிலிருந்தே தொடங்குகிறேன்.

பாரிஸ்–மியூனிக் பயணத்தை ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அது ஒரே ஒப்பந்தம். ஸ்டுட்கார்ட்டில் இணைப்பு ரயில் தவறி, மியூனிக் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், அடுத்த ரயிலில் கூடுதல் கட்டணம் இல்லாமல் போகலாம். போகவே வேண்டாம் என்றால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கடைசி ரயிலும் போய்விட்டால் இரவுத் தங்கலுக்கு ரயில் நிறுவனமே ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கு மேல் இழப்பீடும் உண்டு: 60 முதல் 119 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடமும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம். 2023 ஜூன் 7 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதி இது.

பிரித்து எடுத்தால் கதை வேறு. இரண்டாவது டிக்கெட்டைப் பொறுத்தவரை ரயில் சரியான நேரத்தில் புறப்பட்டது, நீங்கள்தான் வரவில்லை. ஜெர்மனியின் மலிவு டிக்கெட்டுகள் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பது அங்கே படிக்கும் உங்களுக்கே தெரியும். அந்த ரயில் போனால் டிக்கெட்டும் போச்சு. சனிக்கிழமை, புத்தாண்டுக் கூட்டம், கடைசி நேர முழுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் மிச்சம் பிடித்த 20 யூரோ எந்த மூலைக்கு?

ஏற்கெனவே பிரித்து எடுத்துவிட்டவர்களுக்கு ஒரு சின்ன வழி உண்டு. ஐரோப்பாவின் பெரிய ரயில் நிறுவனங்கள் சில தங்களுக்குள் பயணத் தொடர்ச்சி ஒப்பந்தம் வைத்திருக்கின்றன. எல்லை தாண்டும் பயணத்தில் முதல் ரயில் தாமதமானால், அந்த ரயிலின் கண்டக்டரிடமோ நிலைய அலுவலகத்திலோ தாமதத்தை எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த நிறுவனத்தின் கவுன்டரில் காட்டினால், அவர்களுடைய அடுத்த ரயிலில் ஏற அனுமதிப்பார்கள். ஜெர்மன், ஆஸ்திரிய, செக், பிரெஞ்சு தேசிய ரயில்கள் இதில் இருக்கின்றன. இது சலுகைதான், உரிமை அல்ல. மாறுவதற்குப் போதிய நேரம் விட்டிருக்க வேண்டும் என்றும் எதிர்பார்ப்பார்கள். 16 நிமிடத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது கஷ்டம்.

பனி விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். கடும் வானிலை என்றால் ரயிலானாலும் விமானமானாலும் இழப்பீட்டுத் தொகை கிடைக்காது. ஆனால் சாப்பாடு, தங்கல், மாற்றுப் பயணம் என்ற கவனிப்புக் கடமை அப்போதும் அவர்களுடையதே. ‘பனி, எங்கள் தவறில்லை’ என்று கவுன்டரில் கைவிரித்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பஸ் மட்டும் இதற்கு விலக்கு. 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பஸ் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகக் கிளம்பும் என்றாலோ ரத்தானாலோ, பணமா மாற்றுப் பயணமா என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அப்படித் தேர்வு செய்யவே விடவில்லை என்றால் கூடுதலாகப் பாதி விலையையும் கேட்கலாம். இரவு தங்க நேர்ந்தால் 80 யூரோ வரை ஹோட்டல் செலவு உண்டு, ஆனால் காரணம் கடும் வானிலை என்றால் அது கிடையாது. மியூனிக்–ப்ராக் தூரம் இந்த விதிக்குள் வருகிறது. முதல் நாளே பஸ்ஸில் போவது எனக்குச் சரியாகத்தான் படுகிறது, பகல் பஸ்ஸாக எடுங்கள். ராத்திரி பஸ் விடியற்காலையில் ஹாஸ்டல் ரிசப்ஷன் திறப்பதற்கு முன்னால் உங்களை மைனஸ் குளிரில் இறக்கிவிடும்.

அடுத்து விமானம். உண்மையைச் சொன்னால் இந்தத் திட்டத்தில் பலவீனமான கண்ணி பாரிஸ்தான். புடாபெஸ்டிலிருந்து மியூனிக்குக்கு நேரடி ரயில் ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடும். பாரிஸை வசந்தகாலத்துக்குத் தள்ளிவைத்தால் செலவும் தலைவலியும் பாதியாகும். ஆனால் வீட்டில் எல்லோரிடமும் ஐஃபல் கோபுரம் என்று சொல்லியாகிவிட்டது, இல்லையா? சரி, போவதென்றால் மூன்று விஷயம்.

முதலாவது, ‘பாரிஸ்’ என்று விற்கும் விமானம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். போவே விமான நிலையம் என்றால் அது நகரத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். பஸ் கட்டணத்தையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணத்தையும் கணக்கில் சேர்த்தால் மலிவு எவ்வளவு மலிவு என்று தெரியும். இரண்டாவது, மலிவு நிறுவனங்கள் பலவற்றில் ஆன்லைன் செக்-இன் முடித்திருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் இல்லாதவர்கள் கவுன்டரில் ஆவணச் சரிபார்ப்பை முடித்துவிட்டுத்தான் பாதுகாப்புச் சோதனைக்குப் போக வேண்டும். கேட்டில் போய் நின்ற பிறகு இது தெரியவந்து விமானத்தை விட்ட மாணவர்கள் உண்டு. ஐரோப்பிய நண்பர்கள் நேராக உள்ளே போவதைப் பார்த்து நீங்களும் பின்னாலேயே போய்விடாதீர்கள்.

மூன்றாவது, விமானம் ரத்தானால் போனில் உடனே ஒரு பட்டன் வரும்: ‘பணத்தைத் திரும்பப் பெறுக’. பதற்றத்தில் அதை அழுத்தாதீர்கள். பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டால், உங்களைப் பாரிஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பும் அதுவரை ஹோட்டல் போடும் பொறுப்பும் அவர்களுக்கு முடிந்துவிடும். கையில் வரும் 30 யூரோவில் அன்றைய தேதிக்கு வேறு டிக்கெட் கிடைக்காது. மாற்று விமானம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். காரணம் வானிலை போன்ற அசாதாரணச் சூழல் இல்லை என்றால், 1,500 கிலோமீட்டருக்கு உட்பட்ட இந்தத் தூரத்துக்கு 250 யூரோ இழப்பீடும் தனியாகக் கேட்கலாம். மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தாலும் அதே தொகைதான்.

ப்ராக்–வியன்னா, வியன்னா–புடாபெஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரடி ரயில்கள், முதலாவது சுமார் நான்கு மணி நேரம், அடுத்தது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். டிசம்பர் இரண்டாம் வாரம் ஐரோப்பா முழுவதும் ரயில் அட்டவணை மாறும், 2026-இல் அது டிசம்பர் 13. முன்பே எடுத்த டிக்கெட்டின் நேரத்தை அதற்குப் பிறகு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் வேண்டாம். ஐரோப்பாவில் வசிப்பதால் உங்களுக்குரியது இன்டர்ரயில் என்ற பாஸ்தான், 27 வயது வரை இளைஞர் விலையும் உண்டு. ஆனால் மூன்று நான்கு ரயிலுக்கு முன்கூட்டியே எடுக்கும் டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு. தவிர, பிரெஞ்சு அதிவேக ரயிலில் பாஸ் இருந்தாலும் சீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

கிறிஸ்துமஸை வியன்னாவில் வைத்தது நல்ல முடிவு. மெட்ரோ ஓடும், நகரச் சபை முன்னால் சந்தையும் இருக்கும். சாப்பாடுதான் பிரச்சினை. 2026-இல் டிசம்பர் 25 வெள்ளி, 26 சனி, இரண்டும் அரசு விடுமுறை, 27 ஞாயிறு. 24 மதியமே சூப்பர் மார்க்கெட்டுகளை மூடத் தொடங்கிவிடுவார்கள். பெரிய ரயில் நிலையங்களில் சில கடைகள் திறந்திருக்கும், கூட்டம் அங்கே முட்டும். 23 மாலை இறங்கியதும் அரிசி, முட்டை, பிரெட் வாங்கி ஹாஸ்டல் சமையலறையில் வைத்துவிடுங்கள். அப்புறம், சூரியன் நாலு மணிக்கே மறைந்துவிடும். வெளியே பார்க்க வேண்டியதைக் காலையிலும் அருங்காட்சியகத்தை மாலையிலும் வையுங்கள்.

ஆவணம்: பெர்மிட் பயணம் முழுக்கச் செல்லுபடியாவதால் நீங்கள் போகும் நாடுகள் எல்லாம் அடங்கிய ஷெங்கன் பொது எல்லைப் பகுதிக்குள் தனி விசா தேவையில்லை. ஆனால் புதுப்பிக்கும் விண்ணப்பத்தைக் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். 2024 செப்டம்பர் முதல் ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது, ரயிலுக்குள்ளேயே போலீஸ் ஏறுவார்கள். போனில் இருக்கும் படம் செல்லாது, அசல் பாஸ்போர்ட்டும் பெர்மிட் அட்டையும் வேண்டும். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு அந்த நகரத்து இந்தியத் தூதரகம். அங்கே கேட்காமலே அவசரச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அது இந்தியாவுக்குத் திரும்பிப் போவதற்கான காகிதம், மியூனிக்குக்குத் திரும்ப உதவாது.

உங்கள் ஜெர்மன் அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையின் பின்புறம்தான் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை. செக், ஆஸ்திரியா, ஹங்கேரி, பிரான்ஸ் நான்கிலும் செல்லும். பின்புறத்தில் விவரங்களுக்குப் பதில் நட்சத்திரக் குறிகளாக இருந்தால் செல்லாது. திடீரென்று சுவிட்சர்லாந்துக்கு ஒரு நாள் எட்டிப்பார்க்கலாம் என்று தோன்றினால், இந்தியக் குடியுரிமை உள்ளவருக்கு அங்கே இது பயன்படாது. சில யூரோவில் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்காவது ரயில் தவறி இரவு வர முடியாது என்று தெரிந்தால், ஹாஸ்டலுக்கு அப்போதே மெயில் போடுங்கள். முதல் இரவு வரவில்லை என்றால் மீதி இரவுகளையும் சேர்த்து ரத்து செய்துவிடும் இடங்கள் நிறைய. தாமதம் காட்டும் பலகையைப் படம் எடுங்கள், சாப்பாட்டு ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஜெர்மன் ரயிலில் எடுத்த டிக்கெட்டுக்கு இழப்பீடு கேட்க மூன்று மாதம்தான் அவகாசம், ஆப்பிலேயே விண்ணப்பிக்கலாம். கூப்பனா பணமா என்று கேட்கும். பணம் என்று குறித்து, வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.