பன்னிரண்டாவது புத்தகம் வேண்டாம்

கேள்வி: தன்னம்பிக்கை நூல்கள் பதினொன்று படித்துவிட்டேன். தினமும் காலை 5 மணிக்கு எழுகிறேன், நாட்குறிப்பு எழுதுகிறேன். ஆனாலும் அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் என்றால் நா எழுவதில்லை. பயம் போக அடுத்து எந்தப் புத்தகம் படிக்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்: எதுவும் வேண்டாம். காலை 5 மணிக்கு எழுவது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த நேரத்தில் பால்காரரைத் தவிர உங்களோடு பேச யார் இருக்கிறார்கள்? கூட்டம் 11 மணிக்கு அல்லவா நடக்கும்?

காந்தியின் கதையைக் கேளுங்கள். 1891-இல் லண்டனை விட்டுக் கிளம்புமுன் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். நகைச்சுவையாகப் பேசத் தயாரித்துக்கொண்டு போனவர், வந்ததற்கு நன்றி என்பதோடு உட்கார்ந்துவிட்டார். பிறகு பம்பாயில், சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் காஸ் கோர்ட்டில், வக்கீலாக முதல் வழக்கு; சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுற்றியது. வாங்கிய 30 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். 1893-இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகளைக் கூட்டி வைத்து, தொழிலில் நேர்மை பற்றி ஓரளவு நன்றாகவே பேசினார். சரி, பயம் தொலைந்தது என்கிறீர்களா? 1896-இல் பம்பாய்ப் பொதுக்கூட்டத்தில் மறுபடியும் குரல் கம்மியது. எழுதி வைத்திருந்த உரையைக் கடைசியில் காங்கிரஸ் பிரமுகர் தின்ஷா வாச்சாதான் படித்தார். பயம் போகட்டும் என்று அவர் காத்திருந்திருந்தால் பிரிட்டோரியாக் கூட்டமே நடந்திருக்காது. அங்கே பேச வாய் வந்ததற்குக் காரணம், சொல்ல வேண்டிய விஷயம் கைவசம் இருந்தது.

என் கதையும் உண்டு. ஒரு நூலக ஆண்டு விழாவில் என் கையில் இருந்த காகிதம் படபடத்த சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார். மின்விசிறி ஓடவே இல்லை! அதற்குப் பிறகு காகிதத்தை அட்டையில் செருகிக்கொண்டு போகிறேன். கை இன்றைக்கும் நடுங்கத்தான் செய்கிறது.

நீங்கள் சொற்பொழிவு ஆற்ற வேண்டாம். உங்கள் பிரிவின் கணக்கு உங்களுக்குத் தெரியும். அதிலிருந்து ஒரே ஒரு சந்தேகத்தைத் திங்கள் இரவே எழுதி வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஆரம்பிக்கும் முன்பு கேட்டுவிடுங்கள். தாமதித்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் நேரம்தான் கூடும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

புதன்கிழமை எனக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். என்ன கேட்டீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். எப்படி இருந்தது என்று எழுத வேண்டாம்.