ஓடிப்போன கப்பல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தின் 'ப்விஸ்காவிட்சா' நாசகாரிக் கப்பலைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கு வயது 19. வரலாறு படிக்கிறேன். அந்தப் பெயரை எப்படி உச்சரிப்பது? அது எத்தனை எதிரிக் கப்பல்களை மூழ்கடித்தது? இவற்றைவிட முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். 1939இல் ஜெர்மனி படையெடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அது க்டினியா துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்கு ஓடிவிட்டது. அங்கேயே நின்று மூழ்கிய இன்னொரு போலந்து நாசகாரி 'விஹெர்'தானே உண்மையான வீரக் கப்பல்? ஓடியதைப் போய் ஏன் கொண்டாடுகிறீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பெயரை எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், போலந்துக்காரர்கள் மன்னித்துவிடுவார்கள். மின்னல் என்று பொருள். எத்தனை கப்பலை மூழ்கடித்தது என்ற கணக்கு கிரிக்கெட் ஸ்கோர் கேட்பது மாதிரி. அதை விட்டுவிடுகிறேன். கான்வாய் என்றால் சேர்ந்து பயணம் போகும் கப்பல் கூட்டம். அதற்குக் காவலாகப் போகும் கப்பலின் வேலை, கூட வருகிற சரக்குக் கப்பல்களைக் கரை சேர்ப்பது. ப்விஸ்காவிட்சா 83 கான்வாய்களுக்குத் துணை போனது. போர் முடிவதற்குள் 1,46,000 கடல் மைல் ஓடியது. நீங்கள் சொன்ன அதே 'ஓடியது'தான்.

மூன்றாவது கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். சில மாதங்களாக அதே விஷயம் என் மனதிலும் கிடந்தது. 'ஓடிப்போனது' என்ற சொல்லை எங்கிருந்து பொறுக்கினீர்கள்? வரலாறு படிக்கிறவர் ஒரு சொல்லைக் கையில் எடுக்கும்முன் வரைபடத்தைப் பார்க்க வேண்டாமா? பால்டிக் கடல் ஒரு குடுவை. அதன் கழுத்து டென்மார்க் பக்கம் இருக்கிறது. க்டினியா குடுவையின் அடியில், ஜெர்மானிய விமானங்கள் நினைத்த நேரத்தில் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் 30 அன்று 'பீகிங்' என்ற சங்கேதச் சொல் வந்தது. க்ரோம், ப்விஸ்காவிட்சா, பூழா என்ற மூன்று நாசகாரிகளும் கிளம்பின. செப்டம்பர் 1 காலை போர் தொடங்கிவிட்டதென்ற செய்தி வந்தபோது அவை வடகடலில் இருந்தன. அன்று மாலை ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தை அடைந்தன. பின்னால் தங்கிய விஹெர், செப்டம்பர் 3 அன்று ஹெல் துறைமுகத்தில் விமானக் குண்டுக்கு இரையானது. மூன்றே நாள். அதில் இருந்தவர்கள் கோழைகள் என்று யார் சொன்னது? ஆனால் நான்கு நாசகாரிகளும் அங்கேயே நின்றிருந்தால் நான்கும் போயிருக்கும். பிறகு ஆறு வருடம் போலந்தின் கொடியைக் கடலில் யார் தூக்கிப் பிடித்திருப்பார்கள்?

கிளம்பியவர்களுக்கு அது எளிதாக இருந்ததென்று நினைக்கிறீர்களா? மாலுமிகள் பலருடைய மனைவி மக்கள் க்டினியாவில்தான் இருந்தார்கள். இரண்டு வாரத்தில் ஊர் ஜெர்மானியர் கைக்குப் போனது. ஊரின் பெயரையே கோட்டன்ஹாஃபன் என்று மாற்றினார்கள். போலந்துக்காரர்களை வீட்டைவிட்டு ஆயிரக்கணக்கில் விரட்டினார்கள். கப்பலில் இருந்தவன் இதையெல்லாம் துண்டு துண்டாகக் கேள்விப்பட்டபடியேதான் காவலுக்கு நின்றான். நின்று செத்தவனுக்கு ஒரே நாள் துணிச்சல் போதும். இவனுக்குத் தினமும் வேண்டும்.

மே 4 என்ற தேதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1940 மே 4 அன்று நார்வேயின் நார்விக் அருகே, க்ரோம் மீது விமானக் குண்டு விழுந்தது. 59 பேர் இறந்தார்கள். க்ரோமும் ப்விஸ்காவிட்சாவும் உடன்பிறப்புகள். இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில், கவ்ஸ் என்ற சிற்றூரில், ஒரே பட்டறையில் கட்டப்பட்டவை. சரியாக இரண்டு வருடம் கழித்து, 1942 மே 4 இரவு, ப்விஸ்காவிட்சா பழுதுபார்ப்புக்காக அதே கவ்ஸில், தான் பிறந்த பட்டறையிலேயே கிடந்தது. பழுதுபார்க்க வந்த கப்பல் வெடிமருந்தை இறக்கிவிட வேண்டும் என்பது விதி. தளபதி வோய்ச்செஃக் ஃப்ரான்ட்ஸ்கி விதியை ஒதுக்கிவைத்துவிட்டுக் குண்டுகளைக் கப்பலிலேயே வைத்திருந்தார். அன்றிரவு ஏறத்தாழ 160 விமானங்கள் ஊரைத் தாக்க வந்தன. கப்பல் சுட ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. பீரங்கிக் குழல்கள் கொதித்தன. மெடினா ஆற்றிலிருந்து தண்ணீரை அள்ளி அள்ளி அவற்றின் மேல் ஊற்றினார்கள். ஊற்றிவிட்டு மறுபடி சுட்டார்கள். குண்டு தீர்ந்துவிடும் நிலையில் மேலும் குண்டுகளைப் படகில் கொண்டுவந்தார்கள். விமானங்கள் தாழப் பறக்க முடியாமல் உயரே நின்றன, குறி தவறியது. புகைத்திரையும் ஊரை மூடியது. ஊரில் சாவு இல்லாமலில்லை. ஆனால் கப்பல் இல்லையென்றால் கவ்ஸே இல்லை என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஃப்ரான்ட்ஸ்கியின் பெயரை ஓர் இடத்துக்கு வைத்திருக்கிறார்கள், வருடந்தோறும் கூடி நினைக்கிறார்கள். அவர் ஓடிவந்தவர் என்று அங்கே போய் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

க்டினியாவில் அந்தக் கப்பலில் நான் ஏறியிருக்கிறேன். 1976 முதல் அது அருங்காட்சியகம். உலகில் மிஞ்சியிருக்கும் நாசகாரிகளில் அதுதான் மூத்தது. முன்தளத்துப் பீரங்கியின் மேல் கையை வைத்தேன். கடற்காற்றில் ஜில்லென்று இருந்தது. இதன் மேல்தானே ஆற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள் என்று நினைத்துத் தொண்டை அடைத்தது. பிறகுதான் தெரிந்தது, போருக்குப் பிறகு சோவியத் பீரங்கிகளை மாற்றிப் பொருத்திவிட்டார்கள் என்று. அப்புறம் கைப்பிடிக் கம்பி, இரும்புத் தகடுகள், படிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தேன். எது அன்றையது, எது மாற்றியது என்று யாரிடமும் கேட்கவில்லை.

நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெல் தீபகற்பம் அக்டோபர் 2 வரை தாங்கியது. அங்கே பீரங்கித் தளத்தை நடத்திய ப்ஷிபிஷெவ்ஸ்கி காயம்பட்டும் தளத்துக்குத் திரும்பிவந்தவர். மியெஷ்கோவ்ஸ்கி ஒரு பீரங்கிப் படகின் தளபதி. இருவரும் ஜெர்மானியச் சிறையில் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்தார்கள், ஊர் திரும்பினார்கள், புதிய கடற்படையில் சேர்ந்தார்கள். 1952 டிசம்பரில் போலந்தின் கம்யூனிஸ்ட் அரசே அவர்களை ஒற்றர்கள் என்று சொல்லிக் கொன்றது. வெளியே போனவர்களுக்கு? 1946இல் லண்டன் வெற்றி அணிவகுப்பில், தோளோடு தோள் நின்று போரிட்ட போலந்துக் கடற்படைக்கு இடமில்லை. ஸ்டாலின் மனம் கோணக்கூடாது. 1947இல் கப்பல் மட்டும் ஊர் திரும்பியது, மாலுமிகள் பலர் திரும்பவில்லை. இப்போது சொல்லுங்கள் தம்பி, இவர்களில் யாரை எந்தத் தட்டில் வைப்பீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேன் என்று தோன்றலாம். கோபம்தான், ஆனால் உங்கள்மேல் இல்லை. 19 வயதில் எனக்கும் செத்தவர்களைத்தான் பிடித்தது. தப்பிப் பிழைத்தவன் கதையில் வந்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுவேன். உங்கள் கேள்வி நேர்மையானது, அதனால்தான் இவ்வளவு நீளம்.

ஹெல்லைக் காத்த கடற்படைத் தலைவர் உன்ருக்கைப் பற்றி அவசியம் படியுங்கள். பிறப்பால் பாதி ஜெர்மானியர், முதல் உலகப்போரில் ஜெர்மானியக் கடற்படையில் இருந்தவர். ஜெர்மானியச் சிறையில் இருந்தபோது அந்தப் பழைய சகாக்கள் வந்து ஜெர்மனில் பேசினால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பார். 1939 செப்டம்பர் 1 அன்று எனக்கு ஜெர்மன் மறந்துவிட்டது என்பார். போருக்குப் பின் நாடு திரும்பாமல் 1973இல் பிரான்ஸில் இறந்தார். கொல்லப்பட்ட என் அதிகாரிகளுக்கு முறையான அடக்கம் நடக்கும்வரை என்னைப் போலந்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று சொல்லியிருந்தார். 2018இல்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். க்டினியாவில், ஒக்சிவ்யே கல்லறையில், அந்த அதிகாரிகளோடு இருக்கிறார். அதே ஊரில்தான் ப்விஸ்காவிட்சாவும் கரையில் கட்டப்பட்டு நிற்கிறது.