கைக்கு வந்த சேர்வரும் ஒரு ரீஸ்டார்ட்டும்

வணக்கம் அண்ணா,

கொட்டாஞ்சேனையில் ஒரு மருந்து விநியோகக் கம்பெனியில் ஐடி வேலை பார்க்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போனது ஒரு உபுண்டு சேர்வரும் அதன் பாஸ்வேர்டும்தான். உள்ளே போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ், பதிப்பு 14.2, ஓடுகிறது, 2022இலிருந்து நிறுத்தவே இல்லையாம். முதலாளி "ஓடுற சேர்வரில் கை வைக்காதே" என்கிறார். அதே 14க்குள் புதிய சிறு பதிப்புக்கு ஏறும் மைனர் அப்கிரேட் செய்யலாமா? டம்ப் எடுத்து, அதாவது தரவு முழுவதையும் வெளியே எடுத்து, திரும்ப ரீஸ்டோர் பண்ண வேண்டி வருமா?

தம்பி,

டம்ப்–ரீஸ்டோர் தேவையில்லை. 10ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ்ஸில் புள்ளிக்கு முன்னால் இருப்பது மேஜர், பின்னால் இருப்பது மைனர். 14க்குள்ளேயே ஏறினால் டிஸ்க்கில் இருக்கும் கோப்பு வடிவம் மாறாது. நிறுத்தி, புது பைனரியை (புரோகிராம் கோப்புகளை) போட்டு, திரும்ப எழுப்பினால் சரி.

நான் பயப்படுவது அந்த எழுப்பலுக்குத்தான். முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அமைப்புகளை எழுதும் கொன்ஃபிக் கோப்பில் மெமரி அளவை 4ஜிபி என்று எழுதும்போது ஜிபியைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தார். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு அலகு பெரிய எழுத்தில்தான் வேண்டும். ஓடிக்கொண்டிருந்த சேர்வர் அதை லொக்கில் (பதிவேட்டுக் கோப்பில்) முணுமுணுத்துவிட்டுப் பழைய அளவோடேயே ஓடியது, லொக்கை யார் பார்த்தார்கள்? மாதங்கள் கழித்து நான் ஒரு சின்ன அப்கிரேட்டுக்காக நிறுத்தினேன், திரும்ப எழும்ப மறுத்துவிட்டது. அந்த ஒரு எழுத்தைக் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம், வாசலில் மனேஜர். ஆகவே முதலில் டேட்டாபேஸுக்குள் பிஜி_ஃபைல்_செட்டிங்ஸ் (pg_file_settings) என்ற பட்டியலைப் பாருங்கள், கொன்ஃபிக்கில் பிழை இருந்தால் நிறுத்துவதற்கு முன்பே அதில் தெரியும். உபுண்டுவில் பேக்கேஜை அப்கிரேட் செய்தாலே அது போஸ்ட்கிரெஸ்ஸை ரீஸ்டார்ட் பண்ணிவிடும், அதனால் பட்டப்பகலில் சும்மா தட்டிப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, 14.2 என்பதால் சொல்கிறேன். 14.0 முதல் 14.3 வரை, மற்ற வேலைகளை நிறுத்தாமல் செய்யும் கன்கரன்ட்லி என்ற சொல்லைப் போட்டு இன்டெக்ஸ் (தரவைச் சட்டென்று தேட உதவும் அட்டவணை) உருவாக்கினாலோ, ரீஇன்டெக்ஸ், அதாவது அதைப் புதிதாகக் கட்டுவது, செய்தாலோ சில வரிசைகள் இன்டெக்ஸில் விடுபட்டுப்போகும் பிழை இருந்தது. 2022 ஜூனில் 14.4இல் திருத்தினார்கள், ஆனால் ஏற்கெனவே கெட்ட இன்டெக்ஸை அப்கிரேட் சரியாக்காது. முன்னவர் எதை எப்படி உருவாக்கினார் என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை, ஆகவே ஏறிய பிறகு எல்லாவற்றையும் ரீஇன்டெக்ஸ் செய்துவிடுங்கள். பெட்டியில் மருந்து இருக்க, தேடினால் இல்லை என்று திரை சொல்வது உங்கள் கம்பெனிக்கு அழகில்லை.

முதலாளிக்கு ஒன்று சொல்லுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு மாட்டியது என்றார்கள், நாடே இருண்டது. அன்று உங்கள் ஜெனரேட்டர் காப்பாற்றியிருக்கிறது. அடுத்த முறை அதில் டீசல் இல்லாவிட்டால், அந்த ரீஸ்டார்ட்டுக்கு நேரம் குறிப்பது குரங்கு. நீங்கள் குறிப்பதென்றால் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் காலை நல்லது. முதல் நாளே பேக்கப்பை வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து பாருங்கள், ரீஸ்டோர் ஆகாத பேக்கப்பை நான் பேக்கப் என்று சொல்வதில்லை. நிறுத்துவதற்குச் சற்று முன் ஒரு செக்பொயின்ட் (மெமரியில் இருக்கும் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதும் கட்டளை) கொடுத்தால் சட்டென்று நிற்கும்.

அப்புறம், 14க்கு 2026 நவம்பருடன் ஆதரவு முடிகிறது. மேஜர் ஏற்றம் தனி வேலை, இரண்டையும் ஒரே போயாவில் செய்யப் போகாதீர்கள்.