கழன்று வரும் கீழ்ப் பல்செட்டுக்காக வைப்பு நிதியை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 67. ஓய்வு பெற்றுவிட்டேன். மேலும் கீழும் பல்செட் போட்டிருக்கிறேன். மேல் செட் பரவாயில்லை. கீழ் செட் பேசும்போதே எழும்பி வருகிறது, எதையும் கடித்துத் தின்ன முடிவதில்லை. கீழ்த் தாடையில் இரண்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் டைட்டானியம் திருகு) வைத்து, அதன் மேல் செட்டை மாட்டிக்கொள்ளலாம் என்கிறார் பல் மருத்துவர். இன்னொரு மருத்துவர் இரண்டு தாடைக்கும் கழற்றவே தேவையில்லாத பற்களை வைத்துவிடலாம் என்று பல மடங்கு தொகை சொல்கிறார். வைப்பு நிதியை உடைக்கவா, மகன் சொல்வதுபோல் தவணைக் கடன் வாங்கவா, இல்லை இந்த வயதில் இந்தச் செலவே வேண்டாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யுங்கள். சாப்பிட முடியாமல் சேர்த்து வைக்கும் பணத்தால் உங்களுக்கு என்ன பயன்? ஆனால் இரண்டில் எதைச் செய்வது, எப்படிப் பணம் கட்டுவது என்பதில் நிதானம் வேண்டும்.

மேல் செட் அண்ணத்தில் ஒட்டி உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழே அந்தப் பிடிமானம் கிடையாது. லாட வடிவத்தில் ஒரு குறுகிய மேடு, நடுவில் ஓயாமல் அசையும் நாக்கு. பல் போனபின் தாடை எலும்பு வருடா வருடம் கரைவதால் அந்த மேடும் தாழ்ந்துகொண்டே போகும். இரண்டு டைட்டானியம் திருகுகள் எலும்போடு பிணைந்துவிட்டால், பல்செட் அவற்றின் மேல் பிரஸ் பட்டன் மாதிரி ‘டக்’கென்று உட்கார்ந்துகொள்ளும். இது சோதனை முயற்சியும் இல்லை. பல்லில்லாத கீழ்த் தாடைக்கு முதலில் பரிசீலிக்க வேண்டியது இரண்டு இம்பிளான்ட் பல்செட்தான் என்று 2002-ல் மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். 2009-ல் பிரிட்டனின் யார்க் நகரில் வந்த அறிக்கையும் அதையே சொன்னது.

ஆகவே உங்கள் தொல்லை கீழ்த் தாடையில்தான். மேலே பணத்தைக் கொட்டாதீர்கள். மேல்தாடை எலும்பு மென்மையானது, அங்கே பெரும்பாலும் நான்கு இம்பிளான்டாவது வேண்டியிருக்கும். நன்றாக இருக்கும் செட்டுக்கு ஏன் அந்தச் செலவு? கழற்ற முடியாத பற்கள் நல்ல சிகிச்சைதான், மறுக்கவில்லை. ஆனால் அடியில் சுத்தம் செய்வது சிரமம். ஏதாவது உடைந்தால் மருத்துவர்தான் திருகைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும். நாளைக்குக் கை நடுங்கினாலும், கழற்றி மாட்டும் செட்டை இன்னொருவர் கழுவித் தரலாம். இதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கணக்கு என்றதும் எல்லாரும் முதல் பில்லை மட்டும் பார்க்கிறார்கள். பத்து வருடச் செலவைப் பாருங்கள். செட்டுக்குள் இருந்து இம்பிளான்ட்டில் பிடிமானம் தரும் நைலான் வளையம் தேயும், அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். ஈறு மேடு மாறும்போது செட்டின் உட்புறத்தை மறுபடி பொருத்த வேண்டும். செட்டே சில வருடங்களில் புதிதாகச் செய்ய வேண்டி வரலாம். வருடாந்திரப் பரிசோதனை வேறு. இதற்கென்று இப்போதே ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

கொட்டேஷனை எழுத்தில் வாங்குங்கள். ஸ்கேன், இம்பிளான்ட், செட்டை அதன் மேல் மாட்ட உதவும் இணைப்பு, இம்பிளான்ட் எலும்போடு சேரும்வரை காத்திருக்கும் காலத்துக்கான ஏற்பாடு எல்லாம் தனித்தனி வரியாக இருக்கட்டும். எலும்பு போதாவிட்டால் கூடுதல் செலவு எவ்வளவு, ஓர் இம்பிளான்ட் எலும்போடு சேராவிட்டால் மறுபடி வைக்கும் செலவு யாருடையது என்பதும் அதில் இருக்க வேண்டும். இம்பிளான்ட்டின் பிராண்ட், மாடல், அளவு மூன்றையும் குறித்து வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு மருத்துவரிடம் போனால் பாகம் கிடைக்க அந்தச் சீட்டு உதவும். காப்பீடு இருந்தால் விதிகளைப் படியுங்கள், பல பாலிசிகள் இம்பிளான்டை ஏற்பதில்லை.

சரி, பணம் எங்கிருந்து? ஆறு மாத வீட்டுச் செலவுக்கான அவசரப் பணத்தைத் தொடாதீர்கள். வழக்கமாக இம்பிளான்ட் வைத்தபின் கீழ்த் தாடையில் ஏறக்குறைய மூன்று மாதம் காத்திருந்துதான் செட்டை மாட்டுவார்கள். இந்த இடைவெளி உங்களுக்குச் சாதகம். முதல் கட்டத்துக்குச் சேமிப்புக் கணக்கு, அடுத்த கட்டத்துக்கு அதற்குள் முதிரும் வைப்பு நிதி என்று பொருத்திப் பாருங்கள். உடைத்தே ஆக வேண்டுமென்றால், இழக்கும் வட்டியையும் அபராதத்தையும் கூட்டி, கடன் வட்டியோடு ஒப்பிடுங்கள். பெரும்பாலும் உடைப்பதே மலிவாக இருக்கும்.

‘வட்டியில்லாத் தவணை’ என்றால் செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ரொக்கமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். எனக்கு இதில் பிடிக்காதது இன்னொன்று. பல கடன்களில் முழுத் தொகையும் முதல் நாளே கிளினிக்குக்குப் போய்விடும். சிகிச்சை பாதியில் நின்றாலும் தவணை நிற்காது. கட்டம் கட்டமாகக் கட்டுங்கள்.

புகை பிடிப்பவரா, சர்க்கரை கட்டுக்குள் இல்லையா, எலும்பு அடர்த்திக் குறைவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மருந்து எடுக்கிறீர்களா? முன்பணம் கட்டும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இவற்றால் இம்பிளான்ட் தோற்றால் உடம்போடு பணமும் போகும்.

அப்புறம் ஒன்று: இப்போதுள்ள கீழ் செட் அளவு சரியாக, விரிசல் இல்லாமல் இருந்தால், அதிலேயே இணைப்பைப் பதிக்க முடியுமா என்று கேளுங்கள். பல நேரம் முடியும். புதுச் செட்டின் செலவு மிச்சம்.