நிரப்பாத படிவம், பள்ளிக்கு வராத பணம்: சில கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோர் சிலர், பள்ளிகளுக்கு மத்திய அரசு தரும் நிதி பற்றிக் கேட்டிருந்தார்கள். நான் ஒரு பள்ளி மாவட்டத்தின், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்பின், மானியப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வாஷிங்டனிலிருந்து வரும் பணம் எந்தப் பள்ளியில், எதற்குச் செலவானது என்று கணக்கு வைப்பது என் பணி. எனக்குத் தெரிந்தவரை விளக்குகிறேன்.

கேள்வி: பள்ளிச் செலவில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு? பாதியாவது இருக்குமா?

இருக்காது. சாதாரண ஆண்டுகளில், நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். மீதியை மாநில அரசும் உள்ளூர் வரியும் சுமக்கின்றன. உள்ளூர் வரியில் பெரும்பகுதி உங்கள் வீட்டுக்கு நீங்கள் கட்டும் சொத்து வரி. கொரோனா காலத்தில் மூன்று தவணைகளாகச் சுமார் 19,000 கோடி டாலர் சிறப்பு நிதி வந்ததால் மத்திய அரசின் பங்கு உயர்ந்தது. அந்த நிதியின் கடைசித் தவணையை ஒதுக்குவதற்கான கெடு 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது.

பத்தில் ஒன்றுதானே என்று தள்ளிவிடாதீர்கள். எல்லாப் பள்ளிக்கும் சமமாகப் பிரித்துத் தரும் பணம் இல்லை இது. வறுமையில் இருக்கும் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று இன்னாருக்கு எனச் சட்டமே குறித்துத் தரும் பணம். இது குறைந்தால் வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. இவர்களுக்கு அன்றே தெரியும்.

கேள்வி: எங்கள் பகுதியில் இருப்பது ‘டைட்டில் 1’ பள்ளி என்கிறார்கள். தரம் குறைந்த பள்ளி என்று அர்த்தமா? வீடு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறோம்.

இதற்காக வீடு மாற்ற வேண்டாம். டைட்டில் 1 என்பது பள்ளியின் தரத்துக்கு வைத்த முத்திரை அல்ல. அங்கே படிக்கும் குடும்பங்களில் குறைந்த வருமானம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

இதன் பின்னணி தெரிந்தால் பார்வையே மாறும். அதிபர் லிண்டன் ஜான்சன் இளம் வயதில், 1928இல், டெக்சாஸின் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர். பசியோடு வகுப்புக்கு வந்த பிள்ளைகளை நேரில் பார்த்தவர். 1965 ஏப்ரல் 11 அன்று, தான் முதன்முதலில் படித்த ஓரறைப் பள்ளிக்கே போய், தனக்கு எழுத்தறிவித்த ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தின் முதல் பிரிவுதான் டைட்டில் 1. இன்று அதற்கு ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி டாலர் ஒதுக்கப்படுகிறது.

பணம் வரும் வழி இது: ஒவ்வொரு மாவட்டத்திலும் 5 முதல் 17 வயது வரையுள்ள ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை மதிப்பிடுகிறது. நான்கு சூத்திரங்களின்படி மாநிலம் வழியாக மாவட்டத்துக்குத் தொகை வருகிறது. மாவட்டம் அதைத் தன் பள்ளிகளுக்குப் பிரிக்கும்போது, வறுமை விகிதம் 75 சதவீதத்துக்கு மேல் உள்ள பள்ளிகளுக்கு முதலில் கொடுத்தாக வேண்டும். 40 சதவீதத்தைத் தொட்டால் பள்ளி முழுவதன் மேம்பாட்டுக்கும் செலவிடலாம்.

அது வகுப்பறையில் என்னவாக மாறுகிறது? இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் நான்கு பிள்ளைகளை வாசிப்பு ஆசிரியை ஒருவர் வளைந்த சிறிய மேசையைச் சுற்றி உட்காரவைத்து, எழுத்தெழுத்தாக ஒலிக்கச் சொல்லித் தருகிறார். அரை மணி நேரம், தினமும். அந்த ஆசிரியையின் சம்பளம் பல பள்ளிகளில் டைட்டில் 1 பணம்தான். மாநிலமும் மாவட்டமும் செய்ய வேண்டிய செலவை இந்தப் பணத்தில் தள்ளிவிடக் கூடாது, அதற்கு மேல் கூடுதலாகத்தான் தர வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்கு ஒரு முறை பெற்றோர் கூட்டம் போட்டு இதையெல்லாம் விளக்குவதும் பள்ளியின் கடமை. அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். நம்மவர்களை அங்கே பார்ப்பது அரிது.

கேள்வி: கணவர் ஆராய்ச்சி மாணவர். உதவித்தொகையில்தான் குடும்பம் ஓடுகிறது. இலவச மதிய உணவுப் படிவத்தை நிரப்பச் சொல்கிறார்கள். நான் மதிய உணவு கட்டிக் கொடுத்துவிடுகிறேன். கையேந்துவதுபோல் இருப்பதால் நிரப்பவில்லை. தவறா?

உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனாலும் நிரப்புங்கள். குடும்ப வருமானம் வறுமைக்கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் உணவு இலவசம். 185 சதவீதம் வரை சலுகை விலை. மதிய உணவுக்கு 40 சென்ட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. யார் இலவசம், யார் காசு கொடுப்பவர் என்று மற்றவர்களுக்குத் தெரியும்படி நடத்துவதைச் சட்டம் தடுக்கிறது.

உங்கள் மகள் அந்தச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாலும் அந்தப் படிவம் வேலை செய்கிறது. மாவட்டத்துக்குள் டைட்டில் 1 பணத்தைப் பிரிக்கப் பெரும்பாலான இடங்களில் எடுக்கும் கணக்கு இதுதான். பள்ளி இணையக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடியும் இதைப் பார்த்தே தீர்மானமாகிறது. 20 முதல் 90 சதவீதம் வரை. தகுதியுள்ள ஐம்பது குடும்பங்கள் கூச்சப்பட்டு ஒதுங்கினால், தாளில் அந்தப் பள்ளி உள்ளதைவிட வசதியானதாகத் தெரியும். நான் மேலே சொன்ன வாசிப்பு ஆசிரியை அடுத்த ஆண்டு இல்லாமல் போகலாம்.

படிவத்தில் குடியேற்ற நிலை பற்றிக் கேள்வி கிடையாது. பெரியவர் ஒருவரின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கேட்பார்கள். இல்லையென்றால், ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டால் போதும்.

கேள்வி: பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி எது என்று கேட்கிறார்கள். தமிழ் என்று எழுதினால் மகனைத் தனி வகுப்பில் ஒதுக்கிவிடுவார்களாமே? ஆங்கிலம் என்றே எழுதிவிடலாமா?

உள்ளதை எழுதுங்கள். தமிழ் என்று எழுதுவதால் நடப்பது ஒரு சிறு தேர்வு மட்டுமே. அதில் உங்கள் மகன் தேறிவிட்டால் விஷயம் முடிந்தது. தேறாவிட்டால் ஆங்கில உதவி கிடைக்கும். சேர்க்கப்பட்டதைப் பள்ளி உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வேண்டாமென்று மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

சான்பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் புரியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த சீனப் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில், 1974இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: எல்லாருக்கும் ஒரே புத்தகம் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது. நம் பிள்ளைகள் இன்று பெறும் உதவி அந்தக் குடும்பங்கள் போராடி வாங்கித் தந்தது. இதற்கென்று டைட்டில் 1 இருக்கும் அதே சட்டத்தின் இன்னொரு பிரிவான டைட்டில் 3 வழியாக ஆண்டுக்குச் சுமார் 89 கோடி டாலர் வருகிறது. பணம் வந்தாலும் வராவிட்டாலும் உதவி தருவது மாவட்டத்தின் கடமை.

கேள்வி: மகளுக்கு மூன்று வயதாகப் போகிறது. இன்னும் சரியாகப் பேசவில்லை. பள்ளி மாவட்டம் உதவுமா? ‘நிதி இல்லை’ என்றால் என்ன செய்வது?

உதவும். நிதி இல்லை என்பது சட்டப்படி செல்லாத பதில். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் கல்விக்காக 1975இல் வந்த சட்டம், இன்றைய பெயரில் ‘ஐடியா’, மூன்று வயது நிறைந்ததும் பொறுப்பை மாவட்டத்தின் மேல் வைக்கிறது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்காக ஆகும் கூடுதல் செலவுக்கென, சராசரி மாணவர் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக மத்திய அரசு அன்று சொன்னது. வழக்கமான ஆண்டு ஒதுக்கீடு அதில் பாதியைக்கூட எட்டியதில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது. அந்தப் பற்றாக்குறை மாவட்டத்தின் கவலை, உங்களுடையது அல்ல.

மகளைப் பரிசோதிக்கக் கோரி இன்றே கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள், வாய்வார்த்தை போதாது. நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள், அல்லது உங்கள் மாநிலம் வகுத்த கெடுவுக்குள், பரிசோதனை முடிய வேண்டும். கட்டணம் கிடையாது. கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளை, தானாகச் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரியாக இருந்தால் பரிசோதனையிலும் அப்படியே தெரியவரும்.

கேள்வி: கல்வித் துறையையே மூடப் போகிறார்களாமே?

2025 மார்ச்சில் அதற்கான உத்தரவில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். ஆனால் 1979இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கிய துறை அது. முழுவதுமாகக் கலைக்கக் காங்கிரஸ்தான் சட்டம் போட வேண்டும். டைட்டில் 1, ஐடியா இரண்டுக்கும் அடிப்படை துறையை உருவாக்கிய அந்தச் சட்டம் அல்ல, வேறு தனிச் சட்டங்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது பணம் தாமதமாவது. 2025 ஜூலை 1 அன்று வர வேண்டிய 600 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை நிறுத்திவைக்கப்பட்டது; டைட்டில் 3 பணமும் அதில் அடக்கம். அந்த மாத இறுதியில் விடுவித்தார்கள். ஆனால் பள்ளிகள் ஆசிரியர்களை நியமிப்பது அந்தக் கோடையில்தான்.

கேள்வி: பிள்ளை தனியார் பள்ளியில் படித்தால்?

டைட்டில் 1 பள்ளி எல்லைக்குள் வசித்து, படிப்பில் பின்தங்கியிருந்தால் கூடுதல் பாட உதவி கிடைக்கலாம். பெற்றோர் கையில் பணமாகத் தரமாட்டார்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது என்று நாங்களே பார்க்க முடியுமா?

முடியும். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு மாணவருக்கு ஆன செலவைப் பள்ளிவாரியாக, மத்திய அரசுப் பணம் தனி, மாநில, உள்ளூர்ப் பணம் தனி என்று பிரித்து ஆண்டு அறிக்கையில் வெளியிட்டாக வேண்டும். மாநிலக் கல்வித் துறையின் தளத்தில் உங்கள் பள்ளியின் பெயரைத் தேடுங்கள். பக்கத்துப் பள்ளியின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் மீது, மாவட்டத்தை நடத்தும் பள்ளி வாரியம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டம் பெரும்பாலும் வசந்த காலத்தில் நடக்கும். பேசச் சில நிமிடங்களே தருவார்கள். அந்த இரண்டு எண்களையும் வாசித்துவிட்டு, வித்தியாசம் ஏன் என்று கேளுங்கள்.