டைல்ஸ் பெயர்த்த சுவரில் மரப்பலகை பதிக்கலாமா?

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் கூடத்தில் 3 அடி உயரத்துக்கு ஒட்டியிருந்த டைல்ஸ் சில தாமாகவே கழன்று விழுந்ததால், மற்றவற்றையும் பெயர்த்துவிட்டோம். இப்போது சுவர் மேடும் பள்ளமுமாக நிற்கிறது. அதே உயரத்துக்கு மரப்பலகை பதிக்க விரும்புகிறோம். பசை தடவி நேரடியாக ஒட்டலாம் என்கிறார் தச்சர். மறுபூச்சு பூசாமல் கூடாது என்கிறார் கொத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: டைல்ஸ் ஏன் தாமாகக் கழன்றன என்பதை முதலில் கண்டறியுங்கள். தரையிலிருந்து ஓதம் ஏறும் சுவராக இருந்தால், டைல்ஸைத் தள்ளிய அதே ஈரம் பலகையின் பின்புறத்தில் தங்கி, மரம் உளுக்கவும் கரையான் ஏறவும் இடங்கொடுக்கும். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரின் அடிப்பகுதியில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, 2 நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர் கோத்திருந்தாலோ சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, மரவேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஓதத்தைச் சரிசெய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு இதைச் செய்வதே நல்லது, ஏனெனில் கோடையில் ஓதச் சுவரும் காய்ந்ததுபோலத் தோன்றலாம்.

சுவர் காய்ந்திருந்தால் முழு மறுபூச்சு தேவையில்லை. ஆனால் பசையை மட்டும் நம்புவதும் சரியன்று. அது மேடுகளில் மட்டுமே பிடிக்கும். துருத்தி நிற்கும் கலவையையும், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பூச்சையும் உளியால் கொத்திவிட்டு, 1 அங்குலக் கனமுள்ள ரீப்பர்களை (பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களை) அடியில், நடுவில், மேலே என மூன்று வரிசையாகப் படுக்கைவாட்டில் முடுக்கச் சொல்லுங்கள். பழைய பூச்சைக் கடந்து செங்கல்லில் நன்றாக இறங்க வேண்டியிருப்பதால், திருகாணி 3 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பள்ளமான இடங்களில் ரீப்பருக்குப் பின்னால் பிளைவுட் துண்டுகளை அண்டை கொடுத்துத் தூக்குக்குண்டால் நேர்பார்த்துவிட்டால், சுவரின் கோணல் பலகையில் தெரியாது. பலகைக்குப் பின்னால் காற்றோட்டம் இருக்க, ரீப்பர்களை இடைவிடாமல் ஒரே நீளமாக அடிக்காமல் ஆங்காங்கே ஓரங்குலம் இடைவெளி விடுங்கள். பலகையையும் தரையில் முட்டவிடாமல் அரை அங்குலம் உயர்த்துங்கள்.

உங்கள் பக்கம் மாந்தோப்புகள் மிகுதி என்பதால் மாம்பலகை மலிவாகக் கிடைக்கலாம். ரீப்பருக்கு அதை வாங்க வேண்டாம். வண்டு விரைவில் துளைத்துவிடும். பலகைக்கு, ஈரம் தாங்கும் ‘ஐ.எஸ். 710’ முத்திரையுள்ள பிளைவுட்டையே நான் பரிந்துரைப்பேன்.

ரீப்பரும் பலகையும் சேர்ந்து சுவரை ஒன்றரை அங்குலம் முன்னுக்குக் கொண்டுவரும் என்பதால், அந்த உயரத்தில் உள்ள பிளக் பெட்டிகளை மின்பணியாளரைக் கொண்டு அதே அளவு முன்னே நகர்த்திய பிறகே பலகையை அடிக்கச் சொல்லுங்கள்.