அனுமதி போனது, குருத்துவம் போகவில்லை

கேள்வி: ஹான்ஸ் கியுங் என்ற சுவிஸ் இறையியலாளரைக் கத்தோலிக்கத் திருஅவை வெளியேற்றிவிட்டது என்று ஒருவர் சொன்னார். ஆனால் அவர் சாகும்வரை குருவாகத்தான் இருந்தார், பேராசிரியர் வேலையும் போகவில்லை என்று வேறோர் இடத்தில் படித்தேன். எது சரி? ரோம் கடைசியில் அவரோடு சமாதானம் ஆனதா?

பதில்: நீங்கள் படித்ததுதான் சரி. 1979 டிசம்பர் 18 அன்று ரோம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான்: கத்தோலிக்க இறையியலாளராகக் கற்பிக்கும் அனுமதி. குருத்துவத்தில் கை வைக்கவில்லை, சபைநீக்கமும் கிடையாது.

அப்புறம் வேலை எப்படித் தப்பியது? அவர் இருந்த ட்யூபிங்கன் ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகம். சம்பளம் தருவது அரசு, ஆனால் கத்தோலிக்க இறையியல் துறையில் பாடம் நடத்த ஆயரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதல் போனதும் துறையில் நீடிக்க முடியவில்லை. அரசுப் பேராசிரியரை வீட்டுக்கு அனுப்பவும் வழியில்லை. அதனால் அவர் நடத்திவந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு ஆய்வு நிறுவனத்தைத் துறையிலிருந்து பிரித்துப் பல்கலைக்கழகத்தின் நேரடிப் பொறுப்பில் வைத்தார்கள். 1996இல் ஓய்வு பெறும்வரை அங்கேதான் கற்பித்தார்.

இத்தனைக்கும் உலகெங்குமுள்ள ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு வல்லுநராகத் திருத்தந்தை (போப்) 23ஆம் யோவான் அழைத்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அதற்கும் முன்பே, 1957இல், கார்ல் பார்த் என்ற பெரிய புராட்டஸ்டண்ட் இறையியலாளரின் 'மனிதன் கடவுள்முன் நீதிமானாவது எப்படி' என்ற போதனையை எடுத்துக்கொண்டு, அடிப்படையில் இது கத்தோலிக்கப் போதனைக்கு முரணானதில்லை என்று நிறுவினார். பார்த்தே அதைப் படித்துவிட்டு, கத்தோலிக்கத் திருஅவை உண்மையில் இதைத்தான் சொல்கிறது என்றால் எனக்கும் சம்மதம் என்று எழுதிக் கொடுத்தார். லூத்தரன் சபைகளும் ரோமும் இதே விஷயத்தில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது 1999இல்தான். கியுங்கின் வாழ்நாள் வேலையிலேயே எனக்கு மிகவும் பெரிதாகப் படுவது இதுதான், ஆனால் அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் சண்டையைப் பேசிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

சண்டைக்குக் காரணம் 1970இல் வந்த புத்தகம். திருத்தந்தையின் வழுவாவரத்தை, அதாவது நம்பிக்கை, ஒழுக்கம் பற்றி அவர் அதிகாரபூர்வமாக வரையறுத்துப் போதிக்கும்போது தவற மாட்டார் என்ற கோட்பாட்டை, 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்தது. சரியாக நூறு வருடம் கழித்து, அதற்கு விவிலியத்திலும் வரலாற்றிலும் என்ன ஆதாரம் என்று கேட்டார். கருத்தடையைத் தடைசெய்து 1968இல் வந்த திருத்தந்தையின் சுற்றுமடல்தான் அவரை அந்தக் கேள்விக்குத் தள்ளியது. கேட்டது நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன், பதில் சொல்லாமல் அனுமதியைப் பறித்தது திருஅவைக்குத்தான் இழப்பு.

சமாதானம்? பாதி. 1966இல் ராட்சிங்கர் என்ற ஜெர்மன் இறையியலாளரை ட்யூபிங்கனுக்குக் கொண்டுவர முன்னின்றவர் கியுங்தான். அந்த ராட்சிங்கர் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆனபின், 2005 செப்டம்பரில் காஸ்தல் கந்தோல்போ மாளிகையில் இருவரும் நான்கு மணி நேரம் பேசினார்கள். கோட்பாட்டுச் சண்டையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டு, அறிவியலும் நம்பிக்கையும், அப்புறம் எல்லா மதங்களுக்கும் பொதுவான அறநெறி என்று கியுங் பல வருடங்களாக முன்வைத்துவந்த திட்டம், இவற்றைப் பற்றிப் பேசினார்கள். அந்தத் திட்டத்தின் அறிக்கை 1993இல் சிகாகோவில் நடந்த உலக மதங்களின் பாராளுமன்றத்தில் வெளியானது, வரைவு கியுங்குடையது. பெனடிக்ட் அந்த முயற்சியைப் பாராட்டவும் செய்தார். ஆனால் பறித்த அனுமதி திரும்பி வரவே இல்லை. 2021 ஏப்ரல் 6 அன்று, 93 வயதில், ட்யூபிங்கனில் குருவாகவே இறந்தார்.